ராமில் இரு மடங்கு என்ற பழைய கணக்கு

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பவரிடம் ஸ்வாப் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “ராம் எவ்வளவோ அதுல டபுள் போடுங்க சார்.” மயிலாப்பூர் டிடிபி கடையிலும் இதே கணக்குதான். தி.நகர் ஆடிட்டர் ஆபீஸுக்கு அவ்வப்போது வந்து போகும் சிஸ்டம் பையனும் இதையேதான் சொல்வான். 512 எம்பி ராம் இருந்த காலத்தில் அது 1 ஜிபி; யாருக்கும் வலிக்கவில்லை. இன்று ராம் 16 ஜிபி என்றால் ஸ்வாப் 32 ஜிபியா? 256 ஜிபி எஸ்எஸ்டியில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடுமே என்றால், கொஞ்சம் யோசித்துவிட்டு “அவ்ளோ வேணாம் சார், ஒரு எட்டு வைங்க” என்பார். ஏன் எட்டு என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டிய காலம் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வளைத்துப் போட்டதில் 2025 இறுதியில் ராம் விலை உலகெங்கும் எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. “இன்னொரு ராம் வாங்கிப் போட்டுட்டா போச்சு” என்பதே பல வருடங்களாக எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருந்தது. இப்போது இருக்கிற ராமை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியவர்களுக்கு ஸ்வாப் மறுபடி ஒரு கேள்வியாகிவிட்டது.

ராமை ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையின் முன் அலமாரி என்று வைத்துக்கொண்டால், ஸ்வாப் அதன் மாடியிலுள்ள குடோன். யாரும் கேட்காத சரக்கை மேலே ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் ஓடுகிற சரக்கை அடுக்குவது நல்ல வியாபாரம். வருகிற ஒவ்வொருவருக்கும் பையன் மாடிக்கு ஓட வேண்டியிருந்தால், குடோன் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. கணினியில் நடப்பதும் இதுதான். இயங்குதளம் நினைவகத்தை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நெடுநேரமாக யாரும் தொடாத பக்கத்தை டிஸ்கில் எழுதிவிட்டு இடத்தை விடுவிக்கிறது. மறுபடி தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவருகிறது.

இந்த ஏற்பாடு முதலில் ஓடியது இங்கிலாந்தின் மான்செஸ்டரில், 1962 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினியில். டாம் கில்பர்னும் அவர் குழுவினரும் கட்டியது. அதில் காந்த வளைய நினைவகம் 16,384 சொற்கள். பின்னால் சுழன்ற டிரம்மில் 98,304 சொற்கள். அதாவது ஆறு மடங்கு. டிரம் மலிவு, வளைய நினைவகம் யானை விலை. அந்த விகிதத்தை நிர்ணயித்தது அன்றைய விலைவாசியே தவிர எந்தச் சூத்திரமும் அல்ல.

சென்னையில் இதன் கதை அடையாறில் தொடங்கலாம். 1973இல் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 வந்தது. அந்தக் காலத்தில் நாட்டிலேயே பெரிய கணினிகளில் ஒன்று. கணினி மையத்தைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் எச்.என். மகாபலா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐபிஎம் அந்த 155 மாடலை 1970 ஜூனில் அறிவித்தபோது மெய்நிகர் நினைவகம் என்று பெயர் பெற்ற மேற்சொன்ன ஏற்பாட்டுக்கான முகவரி மாற்றும் வன்பொருள் அதில் கிடையாது. இரண்டு வருடம் கழித்து, 1972 ஆகஸ்டில், மெய்நிகர் நினைவகம்தான் இனி எல்லாம் என்று அதே ஐபிஎம் புதிய மாடல்களோடு வந்து நின்றது. பழைய 155 வாங்கியவர்கள் அந்த வசதி வேண்டுமானால் பெருந்தொகை கொடுத்துத் தனியாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு அடுத்த மாடல் வந்துவிடும் துயரம் ரிச்சி தெருவில் தொடங்கியதல்ல.

இந்தக் கட்டுரைக்கு வேண்டிய அடிப்படைச் சிந்தனை அதற்கும் முந்தியது. 1968இல் பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு விஷயங்களை எழுதினார். ஒரு நிரல் ஒரு குறுகிய நேரத்தில் உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் கூட்டம் ஒன்று உண்டு. ஓடுகிற நிரல்களின் கூட்டமெல்லாம் ராமுக்குள் அடங்கியிருக்கும்வரை கணினி சுகமாக ஓடும். அடங்காமல் போகும் கணத்தில், வேலை கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாவதில்லை, ஒரேயடியாகச் சரிந்துவிடும். எழுதிய பக்கத்தையே உடனே திரும்பப் படித்து, படித்ததையே மறுபடி எழுதி, டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். நம்மவர்கள் “ஹேங் ஆயிடுச்சு” என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். டென்னிங் சொன்னதைக் கூர்ந்து பார்த்தால் ஸ்வாப்பின் அளவு அதில் எங்குமே வரவில்லை. தேவைப்படாத பக்கங்களை வைக்கத்தான் ஸ்வாப். தேவைப்படும் பக்கங்களை வைக்க ராமைத் தவிர வேறு இடமில்லை. 8 ஜிபி ராமோடு 16 ஜிபி ஸ்வாப் சேர்ந்தால் 24 ஜிபி கம்ப்யூட்டர் ஆகிவிடாது.

பிறகு ‘டபுள்’ எங்கிருந்து வந்தது? 1980களின் யூனிக்ஸிலிருந்து. பெர்க்லி பல்கலைக்கழகத்து பிஎஸ்டி யூனிக்ஸில் ஒரு நிரல் நினைவகம் கேட்டால், அதற்கு ஈடான இடத்தை ஸ்வாப்பில் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள், அது பயன்பட்டாலும் படாவிட்டாலும். ஆக மொத்த நினைவகத்தின் எல்லை ஸ்வாப்பின் அளவுதான். ராம் அதோடு கூடாது. ஸ்வாப் ராமைவிடச் சிறிதாக இருந்தால் காசு கொடுத்து வாங்கிய ராமில் ஒரு பகுதி வீண். ராம் அளவுக்கு வைத்தால் ஸ்வாப்பினால் கூடுதல் பலன் பூஜ்யம். அதனால் இரு மடங்கு. அந்த வடிவமைப்புக்கு அது நியாயமான கணக்கு. லினக்ஸ் அப்படி ஒதுக்குவதில்லை. அங்கே ராமும் ஸ்வாப்பும் கூட்டல் கணக்கு. ஆனாலும் 2001இல் வந்த லினக்ஸ் 2.4 கர்னலின் (இயங்குதளத்தின் மையநிரல்) தொடக்கப் பதிப்புகளில், ஸ்வாப்பிலிருந்து ராமுக்குத் திரும்பிய பக்கம் ஸ்வாப்பிலும் தன் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கர்னலை எழுதியவர்களே இரு மடங்கு வையுங்கள் என்றார்கள். சில மாதங்களில் 2.4.10இல் நினைவக நிர்வாகமே மாற்றி எழுதப்பட்டு அந்தத் தேவை போயிற்று. கணக்கு மட்டும் போகவில்லை. லினக்ஸ் சென்னையில் பரவிய காலம் ஏறக்குறைய அதுதான். ஐஐடி வளாகத்தில் லினக்ஸ் ஆர்வலர்கள் கூடிப் பேசியதும், ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் தலைமையில் தமிழக அரசு நிறுவனமான நந்தனம் எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியதும், தரமணி டைடல் பார்க்கில் இயங்கும் மத்திய அரசு ஆய்வு மையமான சிடாக் 2007இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டதும் அதை ஒட்டிய வருடங்களில். அப்போது கற்றவர்கள்தான் இன்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்கள்.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் 2 ஜிபி ராம். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. அதற்கு 4 ஜிபி ஸ்வாப் என்பது அன்றைய ஹார்ட் டிஸ்கில் ஒரு மூலை. 2025இல் எல்காட் கேட்ட கல்லூரி மாணவர் மடிக்கணினிக்கு 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ராம் நான்கு மடங்காகியிருக்கிறது, டிஸ்க் பெரிதாகவில்லை. பழைய கணக்கு எங்கே இடிக்கிறது என்பதைக் காட்ட இந்த இரண்டு கணினிகளே போதும்.

டிஸ்கின் ஜாதி மாறியதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் ஹார்ட் டிஸ்கில் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கச் சராசரியாக 13 மில்லி செகண்ட் ஆகும். செகண்டுக்கு 75 தேடல். தேடலுக்கு ஒரு 4 கேபி பக்கம் என்றால் செகண்டுக்கு 300 கேபி. 1 ஜிபியில் 2,62,144 பக்கங்கள். சிதறிக் கிடக்கும் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு மணி நேரம். கர்னல் அக்கம்பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து எட்டெட்டாக அள்ளிவரும் என்பதால் நடைமுறை இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஹார்ட் டிஸ்கில் 16 ஜிபி ஸ்வாப் வைப்பது எதற்கு என்று இந்த எண்ணைப் பார்த்த பிறகு யோசிக்க வேண்டும். அது நிரம்பும்வரை அந்தக் கணினி சாகாது, வாழவும் செய்யாது. சுட்டியை அசைத்தால் அம்புக்குறி அரை நிமிடம் கழித்து நகரும். கடைசியில் பவர் பட்டனைத்தான் அழுத்துவீர்கள். ஸ்வாப் சிறிதாக இருந்திருந்தால் கர்னலே ஒரு கொழுத்த நிரலைக் கொன்றுவிட்டு மற்றதைக் காப்பாற்றியிருக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி செகண்டுக்குப் பத்தாயிரம் பக்கங்களைத் தனித்தனியாகப் படித்துவிடும். அதே 1 ஜிபிக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

எஸ்எஸ்டியில் ஸ்வாப் வைத்தால் தேய்ந்துவிடும் என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்குத் தயாரிப்பாளர் 150 டிபி எழுத்துவரை உத்தரவாதம் கொடுப்பது சகஜம். தினம் 10 ஜிபி ஸ்வாப்புக்கே போனாலும் 15,000 நாள், அதாவது நாற்பது வருடம். அதற்குள் மதர்போர்டு எத்தனை தடவை செத்திருக்கும்!

எதிர்ப்பக்கத்தில் ஒரு கட்சி உண்டு: ராம் நிறைய இருக்கிறது, ஸ்வாப்பே வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராம் நெருக்கடி வரும்போது கர்னல் விடுவிக்கக்கூடிய பக்கங்கள் இரண்டு வகை. கோப்பிலிருந்து படித்தவை ஒன்று. நிரலின் கட்டளைகளே அப்படிப் படிக்கப்பட்டவைதான். அவற்றைச் சும்மா தூக்கிப் போடலாம், வேண்டுமானால் திரும்பப் படித்துக்கொள்ளலாம். மற்றது நிரல் தானாக உருவாக்கியவை: திறந்து வைத்த பிரவுசர் டேப், சேமிக்காத கடிதம். இவற்றுக்கு ஸ்வாப்பைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஸ்வாப் இல்லாவிட்டால், காலையில் திறந்து மறந்துபோன முப்பது டேப்கள் ராமில் கால்நீட்டிப் படுத்திருக்க, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைப் பக்கங்களைக் கர்னல் தூக்கிப்போட்டுத் தூக்கிப்போட்டு மறுபடி படித்துக்கொண்டிருக்கும். ஸ்வாப்பை ஒழித்தும் டிஸ்க் இரைச்சல் ஓயாத மர்மம் இதுதான். கிறிஸ் டவுன் என்ற கர்னல் பொறியாளர் 2018இல் இதை விரிவாக எழுதினார். அவசரகால நினைவகமாக ஸ்வாப்பைப் பார்ப்பதே பிழை என்பது அவர் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. 2 ஜிபியாவது இருக்கட்டும்.

இனி கரண்ட். ஸ்வாப்பின் அளவைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்படும் வழிகாட்டிகளில் ஒரு வரியாக மட்டும் வரும் இந்த விஷயம் நமக்கு அவ்வளவு சின்னதல்ல. 2012 பிப்ரவரியில் சென்னையில் மின்வெட்டு தினம் இரண்டு மணி நேரமாகக் கூட்டப்பட்டது; மாவட்டங்களின் நிலை அதைவிடக் கொடுமை. மேஜைக் கணினிக்குச் சின்ன யூபிஎஸ் தாங்குவது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் எல்லாவற்றையும் சேமித்து மூட வேண்டும், அல்லது ராமில் இருப்பதை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டு அணைக்க வேண்டும். இந்த ஹைபர்னேட் வேலைக்கு லினக்ஸ் பயன்படுத்துவது ஸ்வாப்பைத்தான். ராம் அளவுக்கு ஸ்வாப் கேட்கப்படுவதற்கு இன்றைக்கு உள்ள ஒரே வலுவான காரணமும் இதுதான்.

இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ஹைபர்னேட்டின்போது எழுதும் பிம்பத்தைக் கர்னல் வழக்கமாக ராமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கப் பார்க்கும். 8 ஜிபிக்கு அது 3.2 ஜிபி. வரிசையாக எழுதுவதால் ஹார்ட் டிஸ்கானாலும் அரை நிமிடம்தான். யூபிஎஸ் தாராளமாகத் தாங்கும். ஆனால் அடங்காத நாளும் வரும், ஸ்வாப்பில் ஏற்கெனவே கிடக்கும் பக்கங்களும் இடத்தைப் பிடித்திருக்கும். ஆகவே ஹைபர்னேட் வேண்டுமானால் ராமின் அளவும் அதற்கு மேல் கொஞ்சமும் வைப்பதே பத்திரம்.

ஹைபர்னேட் வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். இன்று தி.நகர் அடுக்ககங்கள் பலவற்றில் ஜெனரேட்டர் இருக்கிறது. மந்தைவெளி வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மணிக்கணக்கில் தாங்கும் இடத்தில் ஹைபர்னேட்டுக்கு என்று 16 ஜிபியை முடக்குவது வீண். மலிவு யூபிஎஸ்கள் பலவற்றில் கணினிக்குத் தகவல் சொல்லும் யூஎஸ்பி இணைப்பே கிடையாது. கரண்ட் போன நேரத்தில் ஆள் சாப்பிடப் போயிருந்தால் ஹைபர்னேட் செய்யச் சொல்ல யாருமில்லை. செக்யூர் பூட் போட்ட கணினியில் பல லினக்ஸ் விநியோகங்கள் ஹைபர்னேட்டை அனுமதிப்பதுமில்லை. இவ்வளவும் சரியாக அமைந்தவர்கள் மட்டும் அந்த இடத்தை ஒதுக்கட்டும்.

விநியோகங்கள் என்ன சொல்கின்றன? ரெட் ஹாட்டின் அட்டவணை படிப்படியானது: 2 ஜிபி ராம் வரை இரு மடங்கு, 8 வரை அதே அளவு, அதற்கு மேல் குறைந்தது 4 ஜிபி. உபுண்டு வட்டாரத்தில் புழங்குவது வர்க்கமூலக் கணக்கு: 16 ஜிபி ராமுக்கு 4 ஜிபி, ஹைபர்னேட் வேண்டுமானால் 16ஐயும் கூட்டி 20. வர்க்கமூலத்துக்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. ராம் ஏறும் வேகத்தில் ஸ்வாப் ஏற வேண்டாம் என்பதைச் சுலபமாகச் சொல்ல அது ஒரு வழி, அவ்வளவே. இரண்டு வழியில் போனாலும் 16 ஜிபி மேஜைக் கணினிக்கு 4 ஜிபியில் வந்து நிற்கிறோம்.

ராமுக்குள்ளேயே ஒரு ஸ்வாப் வைக்கும் வித்தைதான் இந்தப் பத்தாண்டின் உருப்படியான மாற்றம். இசட்ராம் என்று பெயர். 2014இல் கர்னலில் நிரந்தர இடம் பெற்றது. வெளியேற்ற வேண்டிய பக்கத்தை டிஸ்குக்கு அனுப்பாமல் சுருக்கி ராமிலேயே ஒரு மூலையில் வைக்கிறது. சாதாரணமாகப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்கும். ஃபெடோரா 2020இல் 33ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பாக்கிவிட்டது. அடுத்த பதிப்பில் அளவு ராமுக்குச் சமம், உச்சவரம்பு 8 ஜிபி. 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்கும் கொண்ட பழைய கணினிக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். பேட்டரி செத்து மேஜையிலேயே குடியேறிவிட்ட அந்தக் காலத்து இலவச மடிக்கணினிக்கும் பொருந்தும். ஆனால் இசட்ராமில் ஹைபர்னேட் செய்ய முடியாது. கரண்ட் போனால் அதுவும் போகும்.

விண்டோஸ்காரர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. அங்கே ஸ்வாப்பாக இருக்கும் பேஜ் ஃபைலை சிஸ்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்ற இயல்பான அமைப்பை மாற்றாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதன் குறைந்த அளவு ராமில் எட்டில் ஒன்றை ஒட்டித் தொடங்கும், மூன்று மடங்குவரை வளரலாம், டிஸ்கின் அளவில் எட்டில் ஒன்றைத் தாண்டாது. ஹைபர்னேட்டுக்கு அங்கே தனிக் கோப்பு இருப்பதால் மேலே சொன்ன கவலையும் இல்லை. பேஜ் ஃபைலை அறவே நீக்கினால் வேகம் கூடும் என்று யூடியூபில் சொல்பவர்களை நம்பாதீர்கள். நிரல்கள் கேட்டு வாங்கி வைக்கும் நினைவகத்துக்கு விண்டோஸ் ராமையும் பேஜ் ஃபைலையும் கூட்டித்தான் எல்லை கட்டுகிறது. ராம் காலியாக இருக்கும்போதே ‘நினைவகம் போதவில்லை’ என்ற செய்தி வந்து நிற்கும்.

பொதுக் கணக்குக்குள் அடங்காத ஒரு தொழில் உண்டு: பேனர் டிசைன். பத்தடிக்கு இருபதடி ஃப்ளெக்ஸ் ஒன்றை அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற சுமாரான தரத்தில் போட்டாலும் 8,640க்கு 17,280 புள்ளிகள். நான்கு வண்ணத்துக்கு நான்கு பைட் என்றால் ஒரு லேயருக்கு ஏறக்குறைய 600 எம்பி. தலைவர் ஒரு லேயர், மாலை ஒரு லேயர், வாழ்த்துவோர் வரிசை தனி லேயர். போட்டோஷாப் இதற்கு இயங்குதளத்தின் ஸ்வாப்பை நம்புவதில்லை; ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று தனக்கென ஒரு கிடங்கு வைத்துக்கொள்கிறது. இந்தக் கடைகளில் ஸ்வாப்பை 32 ஜிபி ஆக்குவதைவிட, ஸ்க்ராட்ச் டிஸ்கைத் தனி எஸ்எஸ்டிக்கு மாற்றுவது பலன் தரும். இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்கில் மோதிக்கொள்வதைத்தான் பல இடங்களில் பார்க்க முடிகிறது.

மற்றவர்கள் அளந்து பார்க்கலாம். லினக்ஸில் விஎம்ஸ்டாட் கட்டளை காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். ஸ்வாப்பிலிருந்து வருவதும் அதற்குப் போவதும். ஸ்வாப்பில் 1 ஜிபி கிடந்தாலும் இந்தப் பத்திகள் பூஜ்யத்தில் இருந்தால் எல்லாம் நலம். வேண்டாத பக்கங்கள் தூங்குகின்றன. இரண்டும் ஓயாமல் ஓடினால் ஸ்வாப்பைக் கூட்டிப் பயனில்லை, ராம்தான் போதவில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் ‘கமிட்டட்’ என்ற எண் உச்சத்தில் எவ்வளவு என்று பாருங்கள். எப்போது பார்ப்பது என்பதில்தான் விஷயம். ஆடிட்டர் ஆபீஸ் கணினியை மே மாதத்தில் அளந்தால் அது சோம்பிக் கிடக்கும். தணிக்கை அறிக்கைகள் குவியும் செப்டம்பரில் அளக்க வேண்டும். பதிப்பகத்துக்குப் புத்தகம் வடிவமைக்கும் கடையை, பதிப்பாளர் சங்கமான பபாசியின் ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்திய டிசம்பரில் அளக்க வேண்டும். அந்த நாட்களில் பயன்படும் மொத்த நினைவகத்தின் உச்சத்திலிருந்து ராமைக் கழித்து, மீதிக்கு மேல் 2 ஜிபி சேர்த்தால் உங்கள் ஸ்வாப்.

ஸ்வாப்பில் எழுதியது கணினியை அணைத்தாலும் டிஸ்கில் இருக்கும் என்பதையும் ஆடிட்டர்கள் யோசிக்க வேண்டும். வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கி விவரமும் திரையில் இருந்தபோது ராமிலும் இருந்தன. ராமிலிருந்து எது ஸ்வாப்புக்குப் போயிற்று என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழித்துப் போடும்போது கோப்புகளை மட்டும் அழித்துவிட்டுக் கொடுப்பது போதாது. முழு டிஸ்கையும் மறையாக்கம் செய்துவிடுவது சுலபமான வழி. ஸ்வாப்பை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுச் சாவியால் பூட்டும் முறையும் இருக்கிறது, ஆனால் அதில் ஹைபர்னேட் நடக்காது.

தனிப் பார்ட்டிஷனா, கோப்பா என்ற பழைய சண்டை முடிந்துவிட்டது. கோப்பு டிஸ்கில் எங்கே இருக்கிறது என்பதைக் கர்னல் முன்கூட்டியே குறித்துக்கொண்டு நேரே போய்விடுவதால் வேகத்தில் வித்தியாசமில்லை, உபுண்டு 17.04இலிருந்தே கோப்புக்கு மாறிவிட்டது. கோப்பு என்றால் இன்று 4 ஜிபி வைத்துவிட்டு டிசம்பரில் 8 ஆக்கலாம். மாற்றும்போது ஒரு வரிசை மட்டும் முக்கியம். ஸ்வாப்பை அணைத்தால் அதில் கிடப்பதெல்லாம் ராமுக்குத் திரும்பி வர வேண்டும். இடமில்லாவிட்டால் கட்டளை தோற்கும், அல்லது ஓடுகிற நிரல் ஏதாவது கொல்லப்படும். லினக்ஸ் ஒரே நேரத்தில் பல ஸ்வாப் கோப்புகளை ஏற்கும். ஆகவே புதியதை உருவாக்கி இயக்கிய பிறகுதான் பழையதை அணைக்க வேண்டும்.